வாசலில் கேட்கக் கூடாத கேள்வி

போன மாதம் எங்கள் டவுனில், புளியந்தீவில் ஒரு புத்தக வெளியீடு. பிரிவைப் பற்றிய கவிதைகளின் தொகுப்பு. என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஏன் கூப்பிட்டார்கள் என்பதிலேயே எனக்குச் சந்தேகம். என் வாய் எப்படிப்பட்டது என்று இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடிய ஆட்கள் ஊரில் இருக்கும்போது என்னிடம் ஏன் வருகிறார்கள்? ஒன்று, முதலில் கூப்பிட்ட ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஒரு வாயாடி தேவைப்பட்டிருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் பிளேன்டீயும் ரோல்ஸும் உண்டு என்றார்கள். போனேன்.

புத்தகத்தை முதல் நாளே வாசித்து முடித்துவிட்டேன். பேசப் போகிறவர்களில் வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்... இதுவும் சந்தேகம்தான்.

வாசிக்க வாசிக்க எரிச்சல் வந்தது. எல்லாக் கவிதையிலும் போகிறவர் திரும்பிப் பார்க்கிறார். எல்லாக் கவிதையிலும் ஒரு கை அசைகிறது. ரயில் நகர்கிறது, கைக்குட்டை நனைகிறது, கடைசியாக ஒரு வசனம் — அச்சில் போடுவதற்கென்றே செய்த வசனம். நான் கேட்கிறேன், உங்களில் யாராவது வீட்டை விட்டுக் கிளம்பும்போது அப்படி ஒரு வசனம் சொல்லியிருக்கிறீர்களா?

நம் வீடுகளில் பிரிவு எப்படி நடக்கும்? ஒரு செருப்பைக் காணவில்லை என்று தேடுவோம். குடை எடுத்தாயா, கேட்டைச் சாத்து, அடுப்பில் பால் இருக்கிறது பார்த்துக்கொள். பிறகு "வாறன்" என்று ஒரு சொல். அதையும் பாதி உடம்பு வாசலுக்கு வெளியே போன பிறகுதான் சொல்வோம். கேட்கிறவரும் பாதி காதால்தான் கேட்பார்.

சுனாமி அன்று காலையில் இந்தக் கரையில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள்? இதுதான் கடைசி என்று தெரிந்து ஒருவராவது சொன்னாரா? மீன் வாங்கி வருகிறேன் என்று போனவரின் கடைசிச் சொல் மீன்தான். அதை வைத்து யாரும் கவிதை எழுதுவதில்லை.

அதனால் அழகான விடைபெறல்களை நான் நம்புவதில்லை. அவ்வளவு அழகாக ஒருவர் விடைபெறுகிறார் என்றால், அவர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறார் என்று அர்த்தம்.

பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். நம் பழைய அகப்பாட்டு மரபில், பாலைத் திணையில், செலவழுங்குதல் என்று ஒரு சங்கதி இருக்கிறது. பொருள் தேடிப் போகக் கிளம்புகிற தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று பயணத்தைத் தள்ளிப் போட்டுவிடுவான். அவ்வளவுதான் விஷயம். கை அசைப்பு இல்லை, கைக்குட்டை இல்லை. கிளம்பியவன் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான். எனக்கு அந்த மரபில் நம்பிக்கை உண்டு. அதைப் பாடியவர்கள் உண்மையாகவே ஒரு வாசலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் மண்டபத்தில் சொன்னேன். சொல்லிவிட்டுத் தொகுப்பிலிருந்து ஒரு கவிதையை எடுத்தேன். அதில் ஒரு பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, கிளம்பி நிற்கிற கணவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்கிறாள். அவன் வானத்தைக் காட்டி என்னவோ சொல்கிறான்.

"இதை எழுதினவர் எந்த ஊர் எண்டு எனக்குச் சந்தேகமா இரிக்கு," என்றேன். "எழுவான்கரையிலயும் சரி, படுவான்கரையிலயும் சரி, நம்மட வாவிக்கு ரெண்டு பக்கமும் தேடிப் பாருங்க. வெளிக்கிட்டு நிக்கிற மனிசனிட்ட எந்தப் பொம்புளயாவது எங்க போறீங்க எண்டு கேப்பாளா? தூரமா எண்டுதான் கேப்பாள். அதையும் அடுப்பைப் பாத்துக்கொண்டு கேப்பாள்."

மண்டபம் சிரித்தது. முன் வரிசையில் இருந்த கவிஞரும் சிரித்தார், வேறு வழியில்லாமல்.

வெளியூர் வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒருவர் கிளம்பி வாசலில் கால் வைத்த பிறகு 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப் போகும், போனவருக்கும் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் திரும்பி உள்ளே வந்து, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்ப வேண்டும். எங்கள் வீடு வேதக்கார வீடு. சகுனம் பார்ப்பது பாவம் என்று போதகர் பிரசங்கத்தில் சொல்வார். ஆனாலும் என் வீட்டுக்காரர் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என்னை எங்கே என்று கேட்டதில்லை. போதகரும் கேட்க மாட்டார்.

கூட்டம் முடிந்து ரோல்ஸ் தட்டோடு நான் நின்றபோது, ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். துவைத்துத் துவைத்து வெளுத்த சேலை, ஆனால் மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். நெற்றியில் பொட்டு. கவிஞருடைய தங்கையாக இருக்கும், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"டீச்சர், ஒண்டு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அந்தக் கவிதயில அந்த மனிசன் திரும்பி வந்தானா?"

"கவிதை அந்த இடத்தில முடியிது."

"அவள் கேட்டதுக்குப் பிறகு உள்ளுக்கு வந்து தண்ணி குடிச்சித்துப் போனானா?"

"அதையும் எழுதல்ல."

அவள் தலையை ஆட்டினாள். கவிஞர் முக்கியமான எதையோ விட்டுவிட்டார் என்பது போல இருந்தது அந்தத் தலையாட்டல். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. பிடித்த உடனே சந்தேகமும் வந்துவிட்டது... மண்டபம் நிறைய ஆட்கள், ஒருவரும் கேட்காததை இவள் ஏன் கேட்கிறாள்?

பெயர் மலர். ஊர் கதிரவெளி. கணவன் யோகன், கடல் தொழில். வடக்கே அவர்கள் ஊர்ப் பக்கம் சண்டை மூண்டு, கதிரவெளிச் சனம் வீடுகளை விட்டு வந்து வாகரையில் மரங்களுக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்த காலம் அது. ஒரு நாள் மத்தியானம் அவன் வாறன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வரவில்லை. பிறகு சனம் அங்கேயிருந்தும் கிளம்பி, முகாம்களில் கிடந்து, ஒரு வழியாக ஊருக்குத் திரும்பியது. பிறகு வன்னியிலும் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். தடுப்பு முகாமிலிருந்தும் அங்கிருந்தும் இங்கிருந்தும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யோகன் வரவில்லை.

"காணாமப் போனவங்களப் பத்தி டவுனில விசாரிக்கிறாங்க டீச்சர். வாற கிழமை எங்கட முறை. போன தடவயும் கேட்டாங்க, எங்க போறன் எண்டு சொன்னவர் எண்டு. நான் கேக்கல்ல எண்டு சொன்னன். அவங்க நம்பல்ல. பொண்டாட்டி கேக்காம இரிப்பாளா எண்டாங்க. நீ எதையோ மறைக்கிறாய் எண்டாங்க."

"அதுக்கு நான் என்ன செய்யிற?"

"இப்ப மைக்கில சொன்னதை அங்க வந்து சொல்லுங்க. எங்கட பக்கம் கேக்கிறதில்ல எண்டு. நீங்க படிச்சவங்க, பேப்பரில எழுதுறவங்க. சொன்னா நம்புவாங்க."

பேப்பரில் எழுதுகிறவர்கள் சொன்னால் நம்புவார்கள் என்று நினைக்கிற ஒரு ஆள் இந்த மாவட்டத்தில் இன்னும் மிச்சம் இருப்பது எனக்குத் தெரியாது.

அப்போது வாசல் பக்கமிருந்து வயதான ஒரு பெண் நேராக எங்களிடம் வந்தார். யோகனின் தாய், மலருக்கு மாமி. விசாரணை என்றைக்கு என்று கேட்டுப் போக டவுனுக்கு வந்தவர்கள், மழைக்கு இந்த மண்டபத்தில் ஒதுங்கியிருக்கிறார்கள். ஒதுங்கிய இடத்தில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாச் சொன்னாய் மகள். என்ட புள்ள நல்ல மாதிரி வெளிக்கிட்டவன். ஒருத்தரும் எங்க எண்டு கேக்கல்ல. பின்னால கூப்பிடவுமில்ல. அப்படி வெளிக்கிட்டவன் வராம இரிப்பானா?"

"வருவார் அம்மா," என்றேன். வேறு என்ன சொல்வது?

மலர் அந்த நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனிப்பது என் தொழில், வியாதியும் அதுதான். விசாரணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர். இப்போது பேப்பருக்குப் பின்னால் குடியிருக்கிறார்.

"அவள் பொய் சொல்றாள்," என்றேன்.

"நீ ஆரைத்தான் நம்பியிரிக்கிறாய்?"

"நான் கேக்கல்ல, நான் கேக்கல்ல எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னாள். ஒவ்வொரு தடவயும் ஒரே மாதிரி. ஒரு சொல் மாறல்ல."

"உண்மையெண்டா ஒரே மாதிரித்தானே இரிக்கும்."

இல்லை. அங்கேதான் இவர் பிழை விடுகிறார். உண்மையைச் சொல்கிறவர் ஒரு தடவை மத்தியானம் என்பார். மறு தடவை சோறு தின்ற பிறகு என்பார். இடையில் பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றிச் சொல்வார். பாடமாக்கிய பேச்சுத்தான் தட்டுத் தடங்கல் இல்லாமல் வரும், அந்தத் தொகுப்பில் இருந்த விடைபெறல்களைப் போல. அது போக, எங்கே என்று கேட்காத ஒருத்திக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை?

அவளுக்கு அவன் போன இடம் தெரியும். எனக்கு நிச்சயமாகிவிட்டது. தெரிந்தால் ஏன் மறைக்கிறாள்? அந்தக் கிழமை முழுவதும் எனக்கு வந்தது எல்லாம் அசிங்கமான யோசனைகள். வேறு யாரோடாவது போயிருப்பானோ? துப்பாக்கி வைத்திருந்தவர்களோடு போனானோ, சொன்னால் வம்பு என்று பயப்படுகிறாளோ? வாசலில் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்களோ? கோபப்பட்டு இவளே போகச் சொல்லிவிட்டாளோ? இந்த நாட்டில் இந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு யோசனை இந்தத் திசையில்தான் ஓடும். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஒரு கேட் போட்டாலே, ஏன் இப்போது என்று யோசிக்கப் பழகிவிட்டோம்.

உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிப் போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த மாமி பிடித்த பிடி கையில் இருந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேனே, அவள் என்ன மறைக்கிறாள் என்று தெரியாமல் எனக்கு நித்திரை வராது.

விசாரணை நாள் காலையில் செருப்பைத் தேடி, குடையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தூரமா?"

"கிட்டத்தான். வாறன்."

குற்றம் சொல்ல முடியாத கிளம்பல்.

அது ஒரு பெரிய அறை. வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள், கதிரைகளில் பெரும்பாலும் பெண்கள், அவர்களுடைய மடிகளில் படங்கள். பாடசாலைச் சீருடையில் சிலர், கல்யாண மாலையோடு சிலர். யாரும் அழவில்லை. எவ்வளவு நேரம் ஆகும், பஸ் எத்தனை மணிக்கு என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் மடியிலும் ஒரு படம் இருந்தது. யாருடைய வீட்டு விசேஷத்திலோ எடுத்தது. பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு யோகனை மட்டும் வைத்திருந்தார்கள்.

"இதுவும் சொந்தக்காரர் வீட்டில இரிந்ததால தப்பிச்சி," என்றார் மாமி. "இவன்ட அப்பாவுக்குப் படமே இல்ல மகள். சுனாமி அந்த மனிசனையும் கொண்டு போயித்து, படங்களையும் கொண்டு போயித்து. விடிய கரைவலை இழுக்கப் போனவர்."

எங்களைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. சிங்களத்தில் பேசினார், சத்தம் போடாத மனிதர். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், எங்கள் பக்கத்து ஆள்தான். வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது.

என்னை முதலில் பேச விட்டார்கள். மைக்கில் சொன்னதைச் சொன்னேன், செலவழுங்குதலை மட்டும் விட்டுவிட்டு. மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அதிகாரி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானது. அந்தக் கவிஞரை நான் பார்த்த அதே பார்வை.

"அப்ப இந்தப் பக்கத்தில எல்லாரும் வெளிக்கிட்டுப் போவாங்க, ஆர் எங்க போனாங்க எண்டு வீட்டில ஒருத்தருக்கும் தெரியாதா எண்டு கேக்கிறார்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"ஓம்."

அதிகாரி ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "நல்ல வசதியான வழக்கம் எண்டு சொல்றார்."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதும் தெரிந்தது. அதனால் கோபத்தை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மலரைக் கேட்டார்கள். எங்கே போவதாகச் சொன்னார்?

"நான் கேக்கல்ல சேர்."

யாரோடு போனார்?

"தெரியாது சேர். நான் கேக்கல்ல."

அதே சொற்கள், அதே வரிசை. அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். இந்தத் தடவை அவருடைய குரலில் கேலி இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இடமும் தெரியாது, ஆளும் தெரியாது எண்டா நாங்க எங்க போய்த் தேடுற? ஒரு இடத்தைச் சொல்லுங்க, இல்லாட்டி ஒரு ஆளைச் சொல்லுங்க. ரெண்டும் இல்லாட்டி, இதுக்கு மேல செய்ய ஒண்டும் இல்ல எண்டு எழுதித்தான் முடிக்க வேணும்."

மாமி படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். நீ சொன்னது சரிதானே புள்ள என்பது போல ஒரு பார்வை. மலருக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. நான் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும் என்று சொல்லி, அவளைக் கையில் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

குழாயடியில் யாரும் இல்லை. அவள் முகத்தைக் கழுவும் வரை நின்றேன்.

"நீ எங்க எண்டு கேட்டதுதானே மலர்?"

அவள் குழாயை மூடினாள்.

"கேட்டன் டீச்சர்."

பிறகு அவள் சொன்னது ஒரு ஒழுங்கில் வரவில்லை. "அண்டைக்குச் சமைக்கல்ல... இல்ல, கஞ்சி வச்சன். மாமிக்குக் காய்ச்சல், தறப்பாளுக்குள்ள நல்ல நித்திரை. இவர் சேட்டைப் போட்டார். நீலச் சேட்டு. ஒரு பொத்தான் இல்ல, நான் ஊசியைத் தேடினன். ஊசி இரிந்த டப்பாவை வீட்டில விட்டுட்டு வந்த. ஷெல் சத்தம் கேட்டுக்கிட்டே இரிந்தது. எனக்கு ஒரே பயம். இவர் வெளிக்கிட்டுத்தார். எங்க போறீங்க எண்டு கேட்டுப்போட்டன். வாயில வந்துட்டு டீச்சர். நான் கேக்க வேணும் எண்டு கேக்கல்ல."

"அவர் என்ன சொன்னவர்?"

"நிண்டார். கிறுகிப் பாத்துச் சிரிச்சார். கேட்டுப்போட்டியே எண்டார். பனிச்சங்கேணியால ஆத்தைக் கடந்து போகப் பாதை இரிக்கா எண்டு பாத்துத்து வாறன், உங்க ரெண்டு பேரையும் கூட்டித்துப் போகத்தான் எண்டார். தோணிக்காரத் தங்கராசண்ணனோட போறன் எண்டார். உள்ளுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சித்துப் போங்க எண்டன். கெஞ்சினன். தோணி நிக்காது எண்டார். போயித்தார்."

நான் மண்டபத்தில் சிரிக்க வைத்தேனே, அந்தக் கவிதை... நம் வாவிக்கு இரண்டு பக்கமும் தேடிப் பாருங்கள் என்று சவால் விட்டேனே... அவள் சுவரோடு ஒதுங்கி நின்று அதைக் கேட்டிருக்கிறாள். போகிறவன் திரும்பிப் பார்ப்பது கவிஞர்களின் புளுகு என்றும் சொன்னேன். யோகன் திரும்பிப் பார்த்திருக்கிறான், சிரித்தும் இருக்கிறான். பழைய பாட்டுத் தலைவனுக்கு உள்ளே வந்து உட்கார நேரம் இருந்தது. இவனுக்கு ஒரு வாய் தண்ணீருக்கு நேரம் இருக்கவில்லை.

"அந்தத் தங்கராசன் இப்ப எங்க?"

"உயிரோட தப்பிட்டார் எண்டு கேள்வி. மூதூர்ப் பக்கம் பொண்டாட்டியின்ட ஊரில இரிக்கிறாராம். நான் போய்க் கேக்கல்ல. கேட்டா மாமிக்குத் தெரிய வந்துடும்."

"தெரிய வந்தா என்ன?"

"அவ சாப்பிடுறது குடிக்கிறது எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையில டீச்சர். நல்ல மாதிரி வெளிக்கிட்டவன், வருவான் எண்டு. நான் கேட்டது தெரிஞ்சா, அவர் இனி வரமாட்டார் எண்டு ஆயிடும் அவக்கு. அனுப்பினவள் நான் எண்டும் ஆயிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேட்டதாலதானே டீச்சர் அவர் வரல்ல?"

ஒரு கிழமையாக நான் யோசித்த அத்தனை அசிங்கங்களிலும் இது இருக்கவில்லை. இப்படி ஒன்றை மறைக்க ஒருவர் பொய் சொல்வார் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. அதெல்லாம் மூட நம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். காலையில் கிட்டத்தான் என்று சொல்லிவிட்டு வந்தவள் நான். என்ன முகத்தோடு சொல்வது?

"எனக்குத் தெரியாது மலர்," என்றேன். "ஆனா நீ அந்த இடத்தைச் சொல்லாட்டி இண்டைக்கே அதை எழுதி மூடிப்போடுவாங்க. மறுகா ஒருத்தரும் தேடமாட்டாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே நடந்தாள்.

கதிரையில் உட்காரவில்லை. மாமியைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சேர், நான் பொய் சொன்னன். அவர் வெளிக்கிடக்குள்ள எங்க போறீங்க எண்டு நான் கேட்டன்."

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் தொடங்கினார். பாதியில் நின்று மாமியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, எங்கள் பக்கத்து ஆள் அல்லவா? அந்த வசனம் அந்த அறையில் என்ன செய்கிறது என்று தெரியாத ஒரே ஆள் அதிகாரிதான். அவர் மிச்சம் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். மலர் மிச்சத்தையும் சொன்னாள். பனிச்சங்கேணி, தோணி, தங்கராசன், மூதூர்.

மாமியின் முகம் கறுத்துவிட்டது. கையில் இருந்த படத்தைப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் பாதி எழுந்துவிட்டேன்.

"கேட்டியா?"

"ஓம் மாமி."

"வாசலில வச்சா?"

"ஓம் மாமி. தண்ணி குடிக்கச் சொன்னன். குடிக்கல்ல."

மாமி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"சுனாமியண்டு விடிய உன்ட மாமா வெளிக்கிட்டார்," என்றார் மாமி. யாருக்கோ கணக்குத் தீர்த்துச் சொல்கிற மாதிரிக் கோபமான குரல். "நான் எங்க எண்டு கேக்கல்ல. பின்னால கூப்பிடல்ல. வாசலைக் கூட்டித் தண்ணி தெளிச்சித்துத்தான் அனுப்பின. ஒரு சொட்டுக் குறை இல்ல." அவர் மலரை நிமிர்ந்து பார்த்தார். "அவர் வந்தாரா?"

மலர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு புள்ள. கேக்காம அனுப்பினன். வந்தாரா?"

"இல்ல மாமி."

"பிறகென்னகா? இதையா இவ்வளவு காலமும் வயித்துக்குள்ள வச்சித்துத் திரிஞ்சாய்?"

மலர் அப்படியே மாமியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். மாமி அவளுடைய தலையில் கையை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "எழுதச் சொல்லு தம்பி. பனிச்சங்கேணி. தோணிக்காரத் தங்கராசன். அந்தாளைக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. மகன் வருவான் என்று இவ்வளவு காலமும் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டு அழுதார். இரண்டு பேரும் சத்தம் போட்டு அழுதார்கள். பின் வரிசைகளில் பஸ் நேரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அம்மா என்ன சொன்னார் என்று அதிகாரி கேட்டாராம். அது வீட்டுக் கதை என்று சொல்லிவிட்டேன் என்றார் மொழிபெயர்ப்பாளர், பிறகு வாசலில் என்னைக் கண்டபோது. அவருடைய கண்ணும் சரியாக இல்லை.

அதிகாரி பேனாவை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், உண்மையாகத்தான் எழுதினார். தங்கராசனைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார்கள். கூப்பிடுவார்களா? சந்தேகம்தான். மூதூர் அவர்களுக்குத் தூரம், எங்களுக்கு அவ்வளவு தூரம் இல்லை. அவர்கள் கூப்பிடாவிட்டால் நான் மலரோடு போவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த மனிதர் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயமாகவும் இருக்கிறது. மலருக்கும் பயம்தான். ஆனாலும் கேட்கத்தான் போகிறாள்.

அவர்களை வாகரை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனேன். இவ்வளவு நடந்த பிறகு ஒரு விடைபெறல் என்றால் எப்படி இருக்க வேண்டும்? எனக்கு ஒரு வசனமும் வரவில்லை. சீட் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றாள் மலர். மாமி யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அந்தக் குடையை எடுத்தியா மகள்?" என்று என்னைக் கேட்டார். எடுக்கவில்லை. விசாரணை அறையில் விட்டுவிட்டேன். அதைச் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த நாள் காலை. செருப்பைத் தேடினேன், பையை எடுத்தேன், வாசலில் கால் வைத்தேன்.

"தூரமா?" என்றார் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

நான் திரும்பி உள்ளே வந்து அவருக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

"எங்க எண்டு கேளுங்க."

அவர் பேப்பரை இறக்கினார். இவள் எதற்கோ மடக்கப் பார்க்கிறாள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தவருக்கும் என் சந்தேக வியாதி கொஞ்சம் தொற்றாமல் இருக்குமா?

"எங்க?" என்றார் மெதுவாக.

"மீன் வாங்க, சந்தைக்கு. வராட்டி அங்க வந்து தேடுங்க."